துணி வெளுக்கிற மண்ணில் கத்திரிச் செடி

1

தோளில் மண்வெட்டி, கையில் ஒரு துணிப்பை. ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்த மேட்டை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டி ரயிலடியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நான் போட்ட மேட்டுப்பாத்திகளில் கத்திரியும் மிளகாயும் தக்காளியும் அவரையும் இலை ஓரம் கருகி நின்றன. அவற்றிடம் சொல்லிக்கொள்ளவும் முகமில்லை.

நடந்து போவது எனக்குப் புதிதல்ல. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பிறகு நான் விட்டுவந்த இடங்கள் நிறைய. ஆரணியில் ரைஸ் மில்லில் நெல் அவித்தேன். வள்ளூர்ப் பக்கம் உப்பளத்தில் உப்பு வாரினேன். ஆர்.கே.பேட்டையில் வேர்க்கடலை பிடுங்கினேன். ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு காலையில் போட்டது போட்டபடி விட்டு நடந்தேன். எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது என்பாள் என் மனைவி பாக்கியம். வேலைதான் என் காலடியிலிருந்து நழுவுகிறது என்பேன் நான். இரண்டிலும் உண்மை உண்டு.

ஆனால் மற்ற வேலைகளை விட்டபோது என் கூலி மட்டும்தான் போயிற்று. இதை விட்டால் பாக்கியத்துக்கும் மகள் செல்விக்கும் கிடைக்கவிருந்த கூரை போகும்.

அங்கே ஐராவதிக் கரையில் இன்னமும் இருக்கிற நம்மவர்கள், இங்கே வரலாமா என்று யோசிக்கிறவர்கள், எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டனுப்புகிறீர்கள். அந்த ஊர் மண் எப்படி? அதற்குத்தான் இதை எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்புக்கு மேல் படித்தவனல்ல. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

2

பாக்கியமும் செல்வியும் எண்ணூர்ப் பக்கம் இருந்தார்கள். கப்பலில் வந்த நம் ஆட்கள் வரிசையாகக் குடிசை போட்டுக்கொண்ட இடம் அது. அங்கே பாக்கியத்தின் தங்கை வீட்டில் ஒண்டுக் குடித்தனம். மழை பெய்தால் தங்கை குடும்பம் ஒரு மூலை, நாங்கள் ஒரு மூலை, நடுவில் பாத்திரங்கள்.

ரேஷன் கார்டு கேட்டு ஆபீசுக்குப் போனேன்.

“விலாசம்?” என்றார் குமாஸ்தா.

“எண்ணூர்ப் பக்கம், மச்சினி வீட்ல இருக்கோம்ங்க.”

“அது அவங்க விலாசம். உன்னுது இன்னா?”

“சொந்த ஊரைச் சொல்லட்டுங்களா?” என்று நம் ஊரின் பர்மாப் பெயரைச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்போ அரிசியும் அங்கயே போயி வாங்கிக்கிறியா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபப்பட்டிருந்தால் பின்னால் நின்றவரை முன்னால் கூப்பிட்டிருப்பார். நிலையான விலாசம் இருந்தால்தான் கார்டு. கார்டு இருந்தால்தான் செல்வியைப் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்வார்கள். இங்கே எல்லாக் கதவுக்கும் பூட்டு ஒன்றுதான். சாவியின் பெயர் விலாசம்.

செல்வி என்னைவிட வேகமாக இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள். கப்பலில் வரும்போது பாதி பர்மியமும் பாதி தமிழும் பேசியவள், இப்போது நம் மீன் விழுது ஙாப்பியின் வாசனை வந்தால் மூக்கைப் பொத்துகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வாசலிலேயே கேட்டாள்: “இன்னா நைனா, இவ்ளோ லேட்டு?”

“அப்பான்னு கூப்புடு.”

“இங்க எல்லாரும் நைனான்னுதான் கூப்புட்றாங்க. நீதான் போய்க்கிட்டு, வந்துக்கிட்டுன்னு வேற மாரி பேசிக்கினுகிற. பசங்க கேட்டா சிரிக்கிறாங்க.”

அவள் இங்கே வேர் பிடிக்கட்டும் என்று ஒரு மனம். இவ்வளவு சீக்கிரமாகவா என்று இன்னொரு மனம்.

3

தோட்ட வேலை கிடைத்தது ஒரு சொல்லால்.

கும்மிடிப்பூண்டியில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஆலை ஒன்றில் கேன்டீன் எடுத்திருந்தவர் ஒரு நாயுடு. ஆந்திராவை ஒட்டிய ஊர்க்காரர். பேச்சில் பாதி தெலுங்கு வரும். கேன்டீனுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடந்தது. அதில் காய்கறி போட ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

“தோட்ட வேல தெரியுமாயா?”

“ஹொக்கே,” என்றேன். பதற்றத்தில் வாய் தானாக நம் ஊருக்குப் போய்விட்டது. அங்கே ‘ஆமாங்க’ என்பதற்கு நாம் சொல்வதுதானே.

“பந்தல் போடுவியா?”

“ஹொக்கே.”

அவர் பக்கத்தில் நின்ற சமையல்காரரைப் பார்த்தார். “பரவால்லியே. இங்கிலீசு பேசுற ஆளு மண்ணு வெட்ட வந்துக்குது. ஓகே ஓகேன்றான்.”

நான் திருத்தவில்லை. அன்றிலிருந்து அங்கே எனக்கு ‘ஹொக்கே’தான் பெயர்.

நாயுடு பேச்சை நீட்டமாட்டார். “தெனம் காய் ஆரணிலருந்து வருது. வண்டிக்கூலி ரொம்ப பேஜாரா கீது. பங்குனி முடியறதுக்குள்ள செடி பச்ச புடிச்சி நிக்கணும். நின்னுச்சின்னா அந்த ஷெட்டு உனுக்கு. குடும்பத்த இட்டுக்கினு வா. நிக்கலன்னா வாச்மேனுக்குக் குடுத்துருவேன். அவனும் கேட்டுக்கினுதான் கிறான்.”

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு கதவு, ஒரு சன்னல். கதவின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண் எழுதியிருந்தது. சுவரையும் கூரையையும்விட அந்த எண்ணைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஒரு விலாசம்.

4

இடம் தாழ்வாக இருந்தது. சரளைக் கல்லும் கட்டட உடைசலும் கலந்த தரை. மேட்டுப்பாத்திதான் வழி. அது எப்படிப் போடுவது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி, சுற்றிலும் வாய்க்கால் எடுத்து, அதில் தண்ணீரைத் தேக்கி நிறுத்துவோம். செடி மேலே இருக்கும், தண்ணீர் கீழே இருக்கும். ஈரம் அடியிலிருந்து ஏறும். வேர் தானாகக் குடித்துக்கொள்ளும். நம் ஊரில் இப்படிப் போட்டு எந்தச் செடியும் வீணானதில்லை.

மண்ணுக்கு, ஆலை மனைகளில் லாரி ஓட்டும் கன்னியப்பனைப் பிடித்தேன். “செடிக்கு ஆகிற மாதிரி நல்ல மண்ணு கெடைக்குமாங்க?”

“சவுடு கீது. ஒரு லோடு கொட்டட்டா? இங்க அல்லாருக்கும் அதான் அடிக்கிறோம். ஃபர்ஸ்ட் கிளாஸ் சவுடு.”

சவுடு என்ற சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நம் ஆறு வெள்ளம் வடிந்தபின் விட்டுப்போகும் வண்டலுக்கு இந்த ஊர்ப் பெயர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொட்டிய மண்ணும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சாம்பல் நிறம், கல் இல்லை, கையில் எடுத்தால் மாவு. நான்கூட அவரிடம், “நல்ல சவுடுங்க,” என்று புதுச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். அவர் லாரியைத் தட்டிக்கொடுத்தார்.

வாய்க்காலில் ஆழ்குழாய்த் தண்ணீரைத் தேக்கினேன். அது கைகால் கழுவ வைத்திருந்த தண்ணீர். குடிக்க நல்ல தண்ணீர் ஏரியிலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாயில் வரும். செடிக்கு எந்தத் தண்ணீரானால் என்ன என்று விட்டுவிட்டேன். கேன்டீனுக்கு வரும் தொழிலாளிகள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். செடிக்குக் கட்டில் போட்டிருக்கிறான் பர்மாக்காரன் என்று ஒருவர் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நாற்றுகள் வேர் பிடித்தன. பிறகு முதலில் அவரையில்தான் கண்டேன். அடி இலைகளின் நுனி பழுப்பானது. பழுப்பு ஓரமாகவே சுற்றி வந்தது. நடு இலை பச்சை, ஓரம் மட்டும் கருகல். அடுத்து மிளகாய். அப்புறம் தக்காளி, கத்திரி. புளிச்சக்கீரை மட்டும் அவ்வளவாகக் கெடாமல் நின்றது. நாம் சின்பவுங் என்போமே, அதுதான். கேன்டீன் சமையல்காரருக்கு அது கோங்கூரா.

தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வாய்க்காலில் இன்னும் ஏற்றினேன். கருகல் கூடியது. பூச்சி என்று நினைத்து அடுப்புச் சாம்பலைத் தூவினேன். இன்னும் கூடியது. பாத்தியின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. பக்கத்தில் கட்டட வேலை நடந்ததால் அது சிமெண்டுத் தூசு என்று முடிவுகட்டி, ஓலைத் தட்டி கட்டி மறைத்தேன். தினமும் காலையில் வெள்ளையைத் துடைப்பத்தால் கூட்டி ஓரமாகத் தள்ளினேன். மறுநாள் மறுபடி பூத்திருக்கும். அடுத்தது ஆலைப் புகை என்று நினைத்தேன். புகையை மறைக்கத் தட்டி இல்லை.

உப்பளத்தில் வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். உப்பளத்து உப்பு கல்லாக மின்னும். இது மாவாக இருந்தது. கடலும் பக்கத்தில் இல்லை. எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

நாயுடு வந்து பார்த்தார். “இன்னாயா ஹொக்கே, அல்லா செடியும் பீடி புடிச்ச மாரி கீது?”

“புகைங்க. இந்த ஊர்க் காத்து ஒத்துக்கல.”

“காத்து ஒத்துக்கலன்னா நானும்தானே கருகணும்,” என்றார். குரலில் கோபமில்லை. ஷெட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வை போதுமாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

5

ரயிலடிக்குப் போகும் வழியில் எனக்கு முன்னால் ஒரு பெண் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். ஆலைக் கட்டடத்தில் சித்தாள் வேலை செய்யும் முனியம்மா. முகம் தெரியும், பேசியதில்லை. கூடையிலிருந்து வெள்ளை மாவு போல ஏதோ அவள் தோளில் உதிர்ந்தது.

“என்னம்மா அது, சிமெண்டா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். “சிமெண்ட திருடினா மேஸ்திரி சும்மா வுடுவாரா? இது உன் தோட்டத்து மண்ணு. நீ கூட்டிக் கூட்டி ஓரமா தள்றல்ல, அது.”

“அதை எதுக்கு எடுத்துக்கிட்டுப் போறீங்க?”

“எடுத்துக்கிட்டு,” என்று என்னைப் போலவே சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். “துணி தொவைக்க. தண்ணில கரைச்சி ஊறவெச்சா அயுக்கு அப்பிடியே வுட்ரும். சோப்பு வாங்க டப்புக்கு நான் எங்க போவேன்? செடிதான் செத்துப் போச்சே, மண்ணாவது ஒதவட்டும்னு எடுத்தேன். கோச்சிக்காத.”

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். “இது துணி வெளுக்கிற மண்ணா?”

“சவுட்டு மண்ணுய்யா. வண்ணாரு ஊட்டுல கேளு, சொல்லுவாங்க. உங்க பர்மால இன்னா, துணிய நட்டு வெச்சி கத்திரிக்காய வெளுப்பீங்களா?”

“கன்னியப்பன் நல்ல சவுடுன்னாரே.”

“அது மேடு கட்டறதுக்கு நல்ல சவுடு. ஃபேக்டரி இன்னா, இலையா வுடப்போவுது?”

கூடையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். முதலில் வழுக்கியது. பிறகு கசப்பும் கரிப்புமாக அடித்தொண்டை வரை இறங்கியது. கடல் உப்பின் ருசியே இல்லை.

“அய்ய, துன்றான் பாரு,” என்றாள் முனியம்மா.

அங்கேயே நின்றேன். லாரிக்காரர் பொய் சொல்லவில்லை. மனை தூர்க்கிறவர்களுக்குச் சவுடு என்றால் மேடு கட்டும் மண். துவைக்கிறவர்களுக்கும் உழுகிறவர்களுக்கும் அது உவர் மண். ஒரே சொல் இரண்டு வீட்டில் குடியிருக்கிறது. நான் வெளியூர்க்காரன், ஒரு வீட்டின் கதவை மட்டும் தட்டியிருக்கிறேன். போதாததற்கு, குடிக்க ஆகாத ஆழ்குழாய்த் தண்ணீரை அடியில் தேக்கி, ஈரத்தோடு உவரையும் சேர்த்து மேலே இழுத்து, சரியாக வேரின் கழுத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அதன் மேல் அழுக்கெடுக்கும் சாம்பலையும் தூவியிருக்கிறேன். அதற்குமேல் சலவைக்கு வேண்டியது துணி ஒன்றுதான்.

காற்று காரணமில்லை. புகை காரணமில்லை. மண்ணும் தண்ணீரும்தான் என்றால், அவை இரண்டும் என் கைக்கு எட்டுகிறவை. திரும்பி நடந்தேன். முனியம்மா பின்னாலிருந்து, “மண்ண திருப்பிக் கேக்கப் போறியா?” என்றாள். இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளச் சொன்னேன்.

6

நம் ஊரில் புயலடித்துக் கடல் தண்ணீர் வயலில் ஏறிய வருஷம் நினைவிருக்கும். நெல் போடமுடியாது என்று எல்லாரும் கைவிட்ட வயல்களை எப்படி மீட்டோம்? வரப்பை உயர்த்தி, நல்ல தண்ணீரை மேலே நிறுத்தி, ஊறவைத்து, மடையைத் திறந்து வடித்தோம். மறுபடி நிறுத்தினோம், மறுபடி வடித்தோம். உப்பு வந்த வழியே போயிற்று. அதே வேலையை இங்கே செய்யவேண்டும். தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறக்கூடாது, மேலிருந்து கீழே இறங்கவேண்டும். அவ்வளவுதான்.

நாயுடுவிடம் போய்ச் சொன்னேன். “வண்டியில வர்ற ஏரித் தண்ணி வேணுங்க.”

“குடிக்கிற தண்ணியவா? செடிக்கு?”

“பங்குனி முடியிறவரைக்கும். அப்புறம் கேக்க மாட்டேன்.”

அவர் என் கையில் இருந்த பையைப் பார்த்தார். “பைய தூக்கிக்கினு வந்து தண்ணி கேக்கிறியே, நீ போறியா, இருக்கிறியா?”

“இருக்கேங்க.”

“அப்ப பைய எறக்கி வையி.”

பீப்பாய் வண்டிக்காரர் ஒரு நடை கூடுதலாக அடிக்கச் சம்மதித்தார். முதலில் வாய்க்காலில் நின்ற தண்ணீரை வெட்டிவிட்டு வடித்தேன். பாத்திகளின் மேல்மண்ணைச் சீவி முனியம்மாவின் கூடைகளுக்குக் கொடுத்தேன். அவள் வழியாகச் சித்தாள்கள் எல்லாரும் வந்து அள்ளிப்போனார்கள். பாத்தியின் மேடு பாதியாகக் குறைந்தது. மேலே தட்டுப் போல ஓரம் கட்டி, ஏரித் தண்ணீரை ஊற்றி நிறுத்தினேன். வாய்க்காலில் இறங்கி வந்த தண்ணீர் கலங்கலாக, சோப்பு போட்டது போல நுரைத்து ஓடியது. அது நுரைக்காமல் வரும்வரை ஊற்றி ஊற்றி வடித்தேன். பிறகு ஏரியின் வண்டலைச் சுமந்துவந்து, மட்கிய சாணியோடு கலந்து, ஒவ்வொரு செடியின் காலடியிலும் குழி பறித்து வைத்தேன். பாத்தியை வைக்கோலால் மூடினேன். வெயில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சினால்தானே வெள்ளை பூக்கும்.

கருகிய இலை மறுபடி பச்சையாகாது. அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. புது இலையைத்தான் பார்க்கவேண்டும். சில நாள் ஒன்றுமே தெரியவில்லை. அவரை போய்விட்டது, அதைப் பிடுங்கிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்குப் போனபோது செல்வி கேட்டாள்: “செடி பொயச்சிக்கிச்சா நைனா?”

“தெரியலம்மா.”

“பொயச்சிக்கலன்னா நாம எங்க போவோம்?”

பாக்கியம் என் காலைப் பார்த்தாள். கிளம்பத் தயாராக இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். “இந்தத் தடவை செத்தாலும் மறுபடி நடுவேன்,” என்றேன். அவள் அதை நம்பினாளா தெரியாது. ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள, ஒளித்துவைத்திருந்த ஙாப்பியை வெளியே எடுத்தாள். செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நான் திரும்பிவந்தபோது கத்திரியின் உச்சியில் ஒரு இலை விரிந்திருந்தது. ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். ஓரம்வரை பச்சை. அடுத்த செடியிலும் அப்படியே. மிளகாய் கொஞ்சம் தாமதித்து வந்தது. தக்காளி ஒரே மூச்சில் வந்தது.

7

பங்குனி முடியுமுன் நாயுடு வந்தார். கத்திரியில் ஊதாப் பூ வைத்திருந்தது. பாத்தியைச் சுற்றி நடந்தார். கீழே குனிந்து பழைய கருகல் இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார்.

“வாச்மேன் கோச்சிக்குவான்,” என்றார். பிறகு சாவியைக் கொடுத்தார்.

பாக்கியத்தையும் செல்வியையும் ரயிலில் அழைத்துவந்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு மூட்டை, பர்மாவிலிருந்து வந்த எனாமல் தட்டு. பாக்கியம் ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே தோட்டத்துக்குப் போனாள். புளிச்சக்கீரையைக் கண்டதும் நின்றாள். ஒரு கை கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு, “இனிமே இதை நான் பாத்துக்கறேன். நீங்க தண்ணி தேக்க வேண்டாம்,” என்றாள். செல்வி கதவின் மேல் எழுதியிருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

அன்று சாயங்காலம் கன்னியப்பன் வந்தார். நடந்ததெல்லாம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. “என் சவுட்ட ஊரெல்லாம் சோப்பாக்கி வுட்டுட்டியே,” என்றார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். அக்கம்பக்கத்து ஆலைகளில் கேட்டுக்குப் பக்கத்தில் மரக்கன்றும் பூச்செடியும் வைக்கிறார்களாம். வைத்ததெல்லாம் ஓரம் கருகுகிறதாம். மண் கான்ட்ராக்டர் சொன்னாராம், அந்த பர்மாக்காரனை லாரியில் ஏற்றிக்கொண்டு வா, அள்ளுமுன் அவன் மண்ணைப் பார்க்கட்டும் என்று.

“எனக்குப் படிப்பு இல்லீங்களே.”

“நாக்கு கீதுல்ல?”

பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “சாயங்காலம் இங்கதானே திரும்பி வருவீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை லாரி கேன்டீன் பக்கம் வந்து ஹாரன் அடித்தது. நான் ஏறும்போது, வேலைக்கு வந்த முனியம்மா செல்வியிடம் கேட்பது காதில் விழுந்தது. “உங்க நைனா எங்க போவுது?”

“வேலைக்கு.”

“இன்னா வேல?”

“மண்ணு துன்ற வேல,” என்றாள் செல்வி. அவள் குரலில் கேலி பாதி, பெருமை பாதி.

ஏரிக்கரையில் வண்டி நின்றது. ஆட்கள் மண்வெட்டியோடு காத்து நின்றார்கள். கீழே இறங்கி, ஓரமாகக் கொஞ்சம் தோண்டி, அடிமண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். வழுக்கவில்லை. கசக்கவில்லை. மழைக்குப் பிறகு வீசும் வாசனைதான் ருசியாக இருந்தது.

“ஓகேவா?” என்று கத்தினார் கன்னியப்பன்.

“ஹொக்கே,” என்றேன். அள்ளத் தொடங்கினார்கள்.